திருவருகைக் காலத்தில் மறைக்கல்வியை நிறுத்தாதீர்கள்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

2025 நவம்பர் 30, கிறிஸ்மஸுக்கு நம்மைத் தயாரிக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. ஜனவரி வரை மறைக்கல்வி வகுப்பு கிடையாது, அந்த நேரத்தில் பிள்ளைகள் கிறிஸ்மஸ் கலைவிழாவுக்கு ஒத்திகை பார்ப்பார்கள் என்றார்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துதான் நாங்களும் தெரிந்துகொண்டோம். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பல பங்குகளில் டிசம்பர் வந்தாலே முதலில் நிற்பது மறைக்கல்விதான் என்பதால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு, கிறிஸ்து அரசர் பெருவிழா அன்று, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய முஸ்லிம் நண்பன், "உங்க சாமிக்கு மகன் இருக்காருன்னா, பொண்டாட்டி யாருடா?" என்று கேட்டிருக்கிறான். வம்புக்குக் கேட்கவில்லை. இருவரும் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறவர்கள். நம் பையன் யோசிக்கவே இல்லை, "மாதாதான்" என்று சொல்லிவிட்டான். மறுநாள் நண்பன் வீட்டில் பேசிவிட்டு வந்து, "அப்போ மாதாவும் சாமியா? மொத்தம் எத்தனை சாமி?" என்றிருக்கிறான். அதற்குப் பதில் தெரியாமல்தான் என்னிடம் வந்தான்.

ஃபாதர், இவன் உங்கள் பீடச் சிறுவன். முதல் நற்கருணை வாங்கியவன். ஒரு நாளில் எத்தனையோ தடவை "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே" என்று சொல்கிறவன். ஆனால் 'மகன்' என்றதும் அவன் மனசில் வருவது ஒரு குடும்பப் படம்தான். மேலே அப்பா, கீழே அம்மா, தீவனத் தொட்டியில் குழந்தை, பக்கத்தில் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். அவனைக் குறை சொல்ல முடியாது. டிசம்பர் முழுவதும் நாம் காட்டுவது குடிலை மட்டும்தான். அந்தக் குடிலில் கிடக்கிறவர் யார் என்று சொல்லித்தருகிற ஒரு மணி நேரத்தைத்தான் இப்போது எடுத்துவிட்டோம்.

அவனிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், வகுப்பில் என்ன நடக்கிறது என்பது பேரவைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

முதலில், உன் நண்பன் எதை மறுக்கிறானோ அதை நாமும் மறுக்கிறோம் என்றேன். கடவுளுக்கு மனைவி இல்லை. கடவுள் ஒரு பெண்ணைச் சேர்ந்து பிள்ளை பெற்றார் என்று எந்தக் காலத்திலும் திருச்சபை சொன்னதில்லை. அவர்கள் ஓதும் குரான் வசனம், இறைவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்கிறது. 1215இல் நம் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கமும், இறை இயல்பு பெறுவதும் இல்லை, பெறப்படுவதும் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறது. ஒரே இறை இயல்பு இரண்டாகப் பிரிந்து பெருகவில்லை என்பது அதன் பொருள். இதனால் இரண்டு மதத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு தீர்ந்துவிடாது. ஈசா நபியை அவர்கள் இறைத்தூதர் என்கிறார்கள், நாம் இயேசுவைக் கடவுள் என்கிறோம். அது பெரிய வேறுபாடு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பொண்டாட்டி கேள்வியில் இரண்டு பிள்ளைகளும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள்.

அப்புறம், மாதாவிடம் வந்தேன். அப்பா இல்லாமல் பிறந்ததால்தான் இயேசு கடவுளின் மகன் என்று நம் பெரியவர்களிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால் அது நிற்காது. கன்னியிடம் பிறந்தார் என்பதைக் குரானும் ஏற்கிறது, ஆனால் அதை வைத்து அவரை இறைமகன் என்று சொல்லவில்லை. ஆதாமுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. லூக்கா நற்செய்தியின் மூதாதையர் பட்டியல் அவரைக் 'கடவுளின் மகன்' என்றே முடிக்கிறது, ஆனாலும் ஆதாமை யாரும் வணங்குவதில்லை. வானதூதர் மரியாவிடம் "அக்குழந்தை இறைமகன் எனப்படும்" என்று சொன்னது உண்மை. மரியாவின் வயிற்றில்தான் அவர் முதன்முதலாக மகன் ஆனார் என்று அந்தத் தூதர் சொல்லவில்லை. ஏற்கெனவே மகனாக இருந்தவர் அங்கே மனிதர் ஆனார். கால காலத்துக்கும் முன்பே தந்தையிடமிருந்து ஒரு பிறப்பு, ஏரோதின் காலத்தில் ஒரு தாயிடமிருந்து ஒரு பிறப்பு. கிறிஸ்மஸ் இரண்டாவதைக் கொண்டாடுகிறது. முதலாவது இல்லையென்றால் இரண்டாவதில் விசேஷம் எதுவும் இல்லை, பெத்லகேமில் அன்று பிறந்த இன்னொரு குழந்தை, அவ்வளவுதான்.

இதை எப்படிப் புரியவைப்பது? வகுப்பறை மேசையில் திருவருகைக் கால வளையம் தயாராக இருந்தது. ஒரு மெழுகுதிரியை ஏற்றி, அதிலிருந்து இன்னொன்றை ஏற்றினேன். முதல் சுடர் குறைந்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். இரண்டாவது வேறு வகை நெருப்பா? அதுவும் இல்லை. "ஒளியினின்று ஒளியாக" என்று பெரிய நம்பிக்கை அறிக்கையில், அதாவது நீசேயா நம்பிக்கை அறிக்கையில், வருவது இதுதான் என்றேன். உடனே அவன், "ஆனா டீச்சர், இப்ப ரெண்டு மெழுகுதிரி இருக்கே?" என்றான். சரியான கேள்வி! அந்த உதாரணம் பாதித் தூரம்தான் வரும் என்று சொல்லி, அடுத்த ஞாயிறு பேசலாம் என்று அனுப்பினேன். அந்த அடுத்த ஞாயிற்றில்தான் வகுப்பு இல்லை என்று அறிவித்தீர்கள்.

இவன் ஒருவன் மட்டும் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் அவளுடைய இந்துத் தோழி, "எங்க முருகன் சிவனோட பிள்ளை, அது மாதிரிதானே உங்க இயேசுவும்?" என்று கேட்க, இவளும் ஆமாம் என்றிருக்கிறாள். தோழி மரியாதையோடுதான் கேட்டாள். சிவனின் நெற்றிக்கண் பொறியிலிருந்து முருகன் தோன்றியதாகச் சொல்லும் கதை தெரிந்த பிள்ளைக்கு, கடவுளுக்கு மகன் என்றால் உடம்பு சம்பந்தப்பட்டது என்று தோன்றுவதே இல்லை. அந்த வகையில் நம் பிள்ளைகளைவிட அவள் ஒரு படி மேல். ஆனால் நாம் சொல்வது வேறு. தந்தை ஒரு கடவுள், மகன் இன்னொரு கடவுள் என்று நாம் எண்ணுவதில்லை. தந்தை முன், மகன் பின் என்று காலக் கணக்கும் இல்லை. தோழியின் நம்பிக்கையை மதித்துக்கொண்டே இதைச் சொல்ல நம் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே பெண் என்னிடம், "ஏன் மகன்? மகளா வந்திருக்கக் கூடாதா?" என்றும் கேட்டாள். கடவுள் ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 239ஆம் பத்தியில் சொல்வதை எடுத்துக் காட்டினேன். முழுத் திருப்தி இல்லை அவளுக்கு. பரவாயில்லை, கேட்கட்டும். கேட்பதற்குத்தான் வகுப்பு.

பேரவை உறுப்பினர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, "இதெல்லாம் பெரியவங்களுக்கே புரியாது, பசங்களுக்கு எதுக்கு?" என்றார். ஐயா, கேள்வி கேட்கப்படுவது பசங்களிடம்தான். உங்களிடமும் என்னிடமும் அலுவலகத்தில் கேக் எப்போது என்று மட்டும்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில்தான் நேருக்கு நேர் கேட்கிறார்கள், அதுவும் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிற இந்த மாதத்தில்.

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, பிள்ளைகளுக்குச் சுமை என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் கவலை நியாயமானது. அப்படியானால் ஒத்திகையும் வேண்டாமே. தேர்வு நேரத்தில் இரண்டு மணி நேரம் ஆடலாம், அரைமணி நேரம் உட்கார்ந்து பேசக் கூடாது என்றால் எனக்குப் புரியவில்லை.

இந்த ஆண்டு என்ன ஆண்டு என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கி.பி. 325இல் நீசேயாவில் ஆயர்கள் கூடி, மகன் யார் என்ற கேள்விக்குப் பதில் எழுதி 1700 ஆண்டுகள் ஆகின்றன. நம் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 28 அன்று, திருத்தந்தை 14ஆம் லியோ அந்த இடத்துக்கே போனார். துருக்கியில் இப்போது இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊரில், ஏரிக்கரையில் பழைய பசிலிக்காவின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும்தந்தை பர்த்தலோமேயுவோடு சேர்ந்து செபித்தார். உலகத் திருச்சபை அந்தப் பழைய கேள்வியைத் திரும்ப எடுத்த அதே வாரத்தில் நாம் அதைப் பரணில் போட்டுவிட்டோம்.

அந்தச் சங்கத்துக்குக் காரணமான ஆரியுஸ், அலெக்சாந்திரியாவில் ஒரு குரு. கெட்ட எண்ணத்தோடு பேசியவர் என்று நான் நினைக்கவில்லை. கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்றத்தான் அவர் பாடுபட்டார். அதற்காக, மகன் இல்லாத ஒரு நிலை இருந்தது, மகன் படைப்புகளில் முதன்மையானவர் என்றார். கேட்பதற்கு எளிதாக இருக்கும். நம் பங்கில் வாக்கெடுப்பு வைத்தால் அவர் ஜெயித்தாலும் ஜெயிப்பார். இதற்கு, பின்னாளில் அதே அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் தந்த பதிலில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மகன் இல்லாத ஒரு நிலை இருந்ததென்றால், அப்போது கடவுள் தந்தையாகவும் இல்லை. அப்படியானால் தந்தை என்பது அவர் இடையில் ஏற்றுக்கொண்ட ஒரு பதவி ஆகிவிடும். நம்மை நேசிப்பதும் அப்படி இடையில் வந்ததுதான் என்றாகிவிடும். ஆனால் மகன் என்றும் இருக்கிறார் என்றால், உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுளுக்குள் அன்பு இருந்தது. நாம் வந்த பிறகுதான் நேசிக்க ஆள் கிடைத்தது என்ற நிலையில் அவர் இல்லை. "இவர் உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்ற வரிக்குள் இவ்வளவும் இருக்கிறது. நாமோ வருடம் முழுக்கச் சிறிய நம்பிக்கை அறிக்கையை, அதாவது திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல ஓட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். வழிபாட்டு ஒழுங்கின்படி அதில் தவறில்லை. இந்த 1700ஆம் ஆண்டில்கூடப் பெரியதை ஒரு முறையும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

அப்புறம் அந்தக் கேக். நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் பீடத்துக்கு முன்பாக "ஹேப்பி பர்த்டே ஜீசஸ்" பேனர் கட்டி, 2025 என்று எண் மெழுகுதிரி வைத்துக் கேக் வெட்டப்போவதாக அறிவிப்பில் இருந்தது. ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. ஆக, அந்த எண்ணே தப்பு. அது போகட்டும். எண் போட்ட மெழுகுதிரி குழந்தைகளுக்கு என்ன சொல்லும்? இவருக்கு வயது இத்தனை, அதற்கு முன் இவர் இல்லை என்று சொல்லும். ஆரியுஸ் சொன்னதும் அதைத்தான். "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்ற யோவான் நற்செய்திப் பகுதி கிறிஸ்மஸ் பகல் திருப்பலியில்தான் வாசிக்கப்படுகிறது. நள்ளிரவுக்கு வந்த கூட்டம் அதற்கு வருவதில்லை, வீட்டில் பிரியாணி வேலை இருக்கும். ஆக, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வாசகம் காதில் விழாது, கேக் மட்டும் கண்ணில் படும்.

கலைவிழா கூடாது என்று நான் சொல்லவில்லை. நாடகத்தில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, குடிக்கணக்கு எடுக்கும்படி கட்டளையிடும் அகுஸ்து சீசராக ஒரு பையன் வருகிறான் அல்லவா? அந்தச் சீசரின் நாணயங்களில் 'தெய்வமானவரின் மகன்' என்று பொறித்திருந்தது. அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரை, செத்த பிறகு ரோமர்கள் தெய்வமாக்கியதால் வந்த பட்டம் அது. அரண்மனையில் ஒரு தெய்வமகன் ஆணை போட, மாட்டுக்கொட்டகையில் பிறந்த ஒரு குழந்தையை இறைமகன் என்று லூக்கா எழுதுகிறார். எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தப் பையனிடம் இதை ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள், அவன் நடிப்பே வேறு மாதிரி இருக்கும். வகுப்பும் நாடகமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. எதிரியாக்கியது இந்த அட்டவணை.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று தயங்கவில்லை, எப்படி எழுதுவது என்றுதான் தயங்கினேன். அதே அறிவிப்பில் கேரல்ஸ் பவனி போகும் தெருக்களின் பட்டியல் இருந்தது. நம் ஊர் ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அன்பியங்களின், அதாவது பங்கின் குடும்பக் குழுக்களின், பெயர் அதில் இல்லை. வண்டி போகாது, நேரம் போதாது என்று காரணம் சொன்னார்கள். ஜெனரேட்டர் வண்டி வராது என்பது நிஜம்தான். நடந்து போக வழி இருக்கிறது. அங்கிருந்துதான் தினமும் கோவிலைக் கூட்டிப் பெருக்க ஆள் வருகிறார்கள். கூட்டத்தில் யாரும் சாதி என்ற சொல்லை எடுக்கவில்லை, எடுக்காமலே எல்லாருக்கும் புரிந்தது.

இறைமகன் என்பதைப் பற்றிய பேச்சு முடிவதும் இந்தத் தெருவில்தான். காலம் நிறைவேறியபோது கடவுள் தம் மகனைப் பெண்ணிடம் பிறந்தவராக அனுப்பினார், நாம் பிள்ளைகளுக்குரிய உரிமை பெறுவதற்காக அனுப்பினார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். மகன் இயல்பிலேயே மகன். நாம் அவர் வழியாகப் பிள்ளைகள் ஆக்கப்பட்டவர்கள். அவர் வாயில் இருந்த "அப்பா" என்ற அழைப்பு நம் வாய்க்கும் வந்தது. திருமுழுக்குத் தொட்டி நம் கோவிலில் ஒன்றுதான். அதில் முழுக்குப் பெற்ற ஏரிக்கரைக் குழந்தையும் பெரிய தெருக் குழந்தையும் ஒரே தந்தையின் பிள்ளைகள் இல்லை என்றால், நான் இத்தனை நேரம் மெழுகுதிரி ஏற்றிச் சொன்னதெல்லாம் வீண் பேச்சு. குழந்தை இயேசு சுரூபத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகாமல் திரும்பி வந்துவிடுவது, மாதாவைக் கடவுளின் மனைவி என்று அந்தப் பையன் சொன்னதைவிடப் பெரிய தப்பு. அவனுக்கு வயது பன்னிரண்டு. நமக்கு?

எனவே பேரவையிடம் கேட்டுக்கொள்வது இவைதான்.

டிசம்பர் 7, 14, 21 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் மறைக்கல்வி வகுப்பு நடக்க வேண்டும். முழு ஒரு மணி நேரம் முடியாது என்றால் நாற்பது நிமிடம் போதும், அதற்குப் பிறகு ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். 21ஆம் தேதி இரண்டாம் வாசகமாக உரோமையர் திருமுகத்தின் தொடக்கம் வருகிறது. தாவீதின் வழிமரபில் பிறந்தவர், இறைமகனாக நிலைநாட்டப்பட்டவர் என்று இரண்டையும் பவுல் அடுத்தடுத்துச் சொல்லும் இடம் அது. அன்று மறையுரையில் இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்குங்கள் ஃபாதர். முதல் கேள்வி கேட்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த மூன்று ஞாயிறும் கிறிஸ்மஸ் அன்றும் பெரிய நம்பிக்கை அறிக்கையை நிதானமாகச் சொல்வோம். "மனிதர் ஆனார்" என்ற இடத்தில் கிறிஸ்மஸ் அன்று முழந்தாளிட வேண்டும் என்பது ஒழுங்கு. ஏன் முழந்தாளிடுகிறோம் என்று ஒரு வரி முன்னதாகவே சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் நின்றுகொண்டு சுற்றும்முற்றும் பார்க்கிறார்கள்.

கேக்கைக் கோவிலுக்கு வெளியே மைதானத்தில் பகிர்ந்துகொள்ளலாம். எண் மெழுகுதிரியும் பேனரும் வேண்டாம்.

கேரல்ஸ் பவனி ஏரிக்கரை அன்பியங்களிலிருந்து தொடங்கட்டும். கடைசி நாள் நேரம் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம். ஜெனரேட்டர் இல்லாவிட்டால் டிரம்மும் கைவிளக்கும் இருக்கின்றன. மறைக்கல்விப் பிள்ளைகளோடு நாங்கள் முதல் ஆளாக வருகிறோம்.

இவற்றில் எது முடியும், எது முடியாது, முடியாது என்றால் ஏன் என்பதைத் திருப்பலி அறிவிப்பிலேயே எல்லாருக்கும் சொல்லுங்கள். வகுப்பறைச் சாவி இப்போது கலைவிழாக் குழுவிடம் இருக்கிறது. ஞாயிறு காலை அதை யாரிடம் வாங்க வேண்டும் என்று சனிக்கிழமை மாலைக்குள் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி